ஒத்தக்கால்ல தட்டுது

அக்டோபர் 4, சனி

ஆயுத பூசைக்கு வெல்டிங் மெஷினில் வைத்த சந்தனம் இன்னும் உதிரவில்லை, அதற்குள் வாசலில் அந்த லாரி வந்து நிற்கிறது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த குட்டி லாரி, நாலு சக்கரமும் இழுக்கும். ஓட்டி வந்தவர் இறங்கினார். சாவியை முன் டயரின் மேல் வைத்தார். சாலையைக் கடந்து எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே இவ்வளவும் தெரிந்தது.

அவர் பெயர் வைரவன். என் தங்கை வேலுத்தாயின் வீட்டுக்காரர். அவர்கள் மகள் யாழினியின் காதுகுத்தில், நல்ல நேரம் போகிறது என்று சொல்லி, பிள்ளையை எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார். சொந்தத் தாய்மாமன் நான் மாலையும் கையுமாக மண்டபத்துக்குள் நுழையும்போது, பிள்ளை அழுது முடித்து லட்டு தின்றுகொண்டிருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

வேலுத்தாய்தான் நடுவில் நின்று சொன்னாள். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைத் தேனியில் எவனிடமோ மாற்றி வண்டியை உயர்த்தியிருக்கிறார். வண்டி உயர்ந்ததும், குலுக்கலை அடக்குகிற பழைய சாக்கப்சர் எட்டவில்லை. நீளமாக ஒரு புது ஜோடி வாங்கி வந்திருக்கிறார். அதை எங்கே மாட்டுவது, மேல் பிராக்கெட் வண்டியின் சட்டமான சேசிஸில் எந்த இடம், கீழ் பிராக்கெட் சக்கர அச்சான ஆக்சிலில் எந்த இடம் என்று முடிவு செய்து வைப்பதுதான் என் வேலை.

“அவுக நாளைக்கே கேக்கல. பதிமூணாந்தேதி அரிசியும் பருப்பும் ஏத்தணுமாம். அதுக்குள்ள முடிஞ்சாப் போதுமாம்” என்றாள்.

“அவர்ட்ட சொல்லு, முடிஞ்சுரும்னு.”

மழை பிடித்துவிட்டால் கரடிப்பாறைக்கு ஏறுகிற வண்டி இது ஒன்றுதான். அங்கே பள்ளிக்கூடத்தில் வேலுத்தாய் சத்துணவு சமைக்கிறாள். திங்கள்கிழமை ஏறுவாள், வெள்ளிக்கிழமை இறங்குவாள். முன்சீட்டில் இடது ஓரம் அவள் இடம். அவள் உட்கார்கிற வண்டி என்பதால்தான் வேலையை எடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கடை விடுமுறை. இருந்தாலும் வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன்.

சாக்கப்சருக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. சக்கரம் கல்லில் ஏறினால் அமுங்கும், பள்ளத்தில் தொங்கினால் நீளும். இரண்டுக்கும் இடம் விட்டு வைக்க வேண்டும். அமுங்க இடம் இல்லையென்றால் அடியில் இடிக்கும். நீள இடம் இல்லையென்றால் பிய்த்துக்கொண்டு வரும். படுக்க வைத்து மாட்டினால் சோம்பேறி மாதிரி வேலை செய்யும். நிமிர்த்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் நன்றாக அடக்கும். ஆனால் சக்கரத்தை ஒட்டிப் போகப் போக, அது ஆடுகிற ஆட்டம் முழுவதையும் சாக்கப்சரும் ஆட வேண்டும்.

வலப்பக்கம் டீசல் டாங்க் குறுக்கே வருகிறது. அதைத் தப்பித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சக்கரத்தை ஒட்டி, கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து இடம் குறித்தேன். லாரி சரக்கோடு நிற்கும்போது சாக்கப்சர் பாதி நீளத்தில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் மேலே ஒரு சாக்பீஸ் கோடு, கீழே ஒரு கோடு.

பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய் இடப்பக்கம் கீழ் பிராக்கெட்டை ஒட்டித்தான் போகிறது. கிளிப் போட்டு ஒதுக்கிக் கட்டிவிட்டேன்.

வைரவன் இன்றும் எதிர் பெஞ்சில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடப் போக்கிடம் இல்லை போலிருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

வேலுத்தாய் இன்று காஜாவின் ஜீப்பில் மலைக்குப் போய்விட்டாள். போகும்போது யாழினியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். வாரம் முழுக்க அது எங்களோடுதான் இருக்கும், இங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போகும். அது வேறு கணக்கு.

மத்தியானம் மலையிலிருந்து போன் வந்தது.

“அண்ணே, அவுக சொல்லச் சொன்னாக. மொதல்லயே சொல்ல மறந்துட்டாகளாம். ஒத்தக்கால்ல தட்டுதாம். அத மட்டும் கவனமாப் பாக்கணுமாம்.”

“எந்தக் காலு?”

“ஒத்தக்கால்லண்ணே.”

“அதான் கேக்குறேன், எந்த ஒத்தக் காலு? வலதா, எடதா?”

சிக்னல் கரகரவென்றது. “எடப்பக்கந்தான்... எறங்குறப்ப டமார்னு... ஒத்தக்கால்லதாண்ணே!” அதோடு அறுந்துவிட்டது.

எதிரே பார்த்தேன். வைரவன் அப்போதுதான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீயைக் கையில் எடுத்தார். இந்தப் பெஞ்சிலிருந்து மலை உச்சிக்குப் போய், அங்கிருந்து இறங்கி, சாலைக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறது சேதி. நாலு எட்டு வைத்தால் கேட்டுவிடலாம். நான் ஏன் வைக்க வேண்டும்? வண்டி அவருடையது.

இடப்பக்கப் பின் சக்கரம் மட்டும் தட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டேன். தட்டுவது என்றால் பட்டறையில் ஒரே அர்த்தம்தான்: அமுங்கிப் போய் அடியில் இடிப்பது. கீழே குனிந்து, சேசிஸ் இடிக்காமல் தாங்குகிற ரப்பர் கட்டையைப் பார்த்தேன். அடிபட்ட தடமே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது. நல்ல ரப்பர் போல.

அக்டோபர் 7, செவ்வாய்

கீழ் பிராக்கெட்டைக் குறித்த இடத்திலேயே மாட்டினேன். மேல் கோட்டை மட்டும் அழித்தேன். மேல் பிராக்கெட்டை மூன்று விரற்கடை உயர்த்தி, டாக் அடித்து, அதாவது புள்ளி புள்ளியாக ஒட்டிப் பார்த்து, பிறகு முழு வெல்டிங். ஒரு பக்கம் மட்டும் உயர்த்தினால் அசிங்கம் என்று இரண்டு பக்கமும் உயர்த்திவிட்டேன். இனி எவ்வளவு அமுங்கினாலும் இடிக்காது.

வெல்டிங் பார்க்க அழகாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் 8, புதன்

மணல் மூட்டைகளை ஏற்றி, மேலே ஏறி நின்று குதித்தேன். தட்டவில்லை. சக்கரத்தைத் தொங்கவிட்டும் பார்ப்பது என் வழக்கம். பெரிய ஜாக்கியில் ஆயில் கசிகிறது. அமுங்கும்போது தட்டுகிறது என்றுதானே புகார், தொங்கவிட்டு என்ன பார்ப்பது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி அமுதா டீ கொண்டுவந்தாள். “தேனிலயே பட்டறை இருக்கப்ப இங்க எதுக்குக் கொண்டாந்தாராம் ஒங்க மாப்ள?” என்றாள்.

“அவர்ட்டயே கேளு.”

“கேட்டேன். பின்சக்கர வேலைக்கு மச்சான விட்டா ஆள் இல்லைன்னாரு.”

டீயில் சர்க்கரை கூடிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

வண்டியை எடுத்துப் போனார். போகும்போது ஹாரன் ஒரு முறை அடித்தார். முன்னால் நாய் எதுவும் நிற்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் அரிசி, பருப்பு, வேலுத்தாய் எல்லாம் ஏறிப் போயிற்று. மத்தியானம் போன்.

“அண்ணே, தட்டுறது கூடிப்போச்சுண்ணே. ஏறும்போதே டமார்னுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவுக கேக்கச் சொன்னாக, எல்லாம் சரியாத்தான இருக்குன்னு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொறுக்காது. “அவர்ட்ட சொல்லு. பிராக்கெட்டு சரியாத்தான் இருக்கு. வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லு. மலைன்னா நாலு சத்தம் வரத்தான் செய்யும்.”

“சரிண்ணே” என்றாள்.

இந்த வாரம் வண்டி கீழே வராது. மேலேயே எஸ்டேட்டுகளுக்குள் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற வேலை. வெள்ளிக்கிழமை தீபாவளிக்கு இறங்குகிற ஆட்களோடு வரும்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை.

அக்டோபர் 15, புதன்

மழை விடவில்லை. மலைக்குப் போன் போகவில்லை.

கூடிப்போச்சு என்றாளே, எப்படிக் கூடும்? மூன்று விரற்கடை இடம் கொடுத்திருக்கிறேன். இடிக்கிற வண்டிக்கு இடம் கொடுத்தால் இடிப்பது குறையும், இல்லை நிற்கும். கூடாது.

கழற்றிப் போட்ட பழைய சாக்கப்சர் இரும்புக் குவியலில் கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் நசுங்கவில்லை. மேல் போல்ட்டின் வாஷர்தான் குழிந்து, கிண்ணம் மாதிரி வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது. இடித்தால் இப்படி ஆகாது. பழைய வண்டி, எவன் எப்போது எதைக் கொண்டு அடித்தானோ என்று திரும்பக் குவியலிலேயே போட்டேன்.

யாழினி இரண்டு முறை கேட்டது, “மாமா, அப்பா வண்டி நல்லாருக்குல்ல?” என்று. நல்லாருக்கு என்றேன். இரண்டு முறையும்.

அக்டோபர் 16, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் டீக்கடைக்குப் போனேன். வைரவன் உட்காருகிற பெஞ்சில்தான் இடம் இருந்தது. காஜா ஜீப்பை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டு உள்ளே வந்தான். “ஒத்தக்கால்ல மண்ணு அறுத்துக்கிட்டுப் போயிருச்சுண்ணே. பள்ளம் ஆளு மட்டத்துக்கு நிக்கிது. என் ஜீப்பு அதுக்கு மேல ஏறாது” என்றான்.

“யாரு கால்ல?” என்றேன்.

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

“கால்ல இல்லண்ணே. ஒத்தக்காலு. கரடிப்பாறைக்குப் போற வழில ஒரு வளைவு. எறங்குறப்ப அங்க எந்த வண்டி திரும்புனாலும் எடப்பக்கம் பின் சக்கரத்த அந்தரத்துல தூக்கிக்கிட்டு ஒத்தக் கால்லதான் நிக்கும். அதான் அந்தப் பேரு. ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. வாங்க என்று தங்கை எத்தனையோ முறை கூப்பிட்டாள்.

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். ஒத்தக்கால் வளைவில் தட்டுகிறது. சக்கரம் அமுங்கும்போது அல்ல, தொங்கும்போது. சாக்கப்சர் அதன் நீளம் முழுவதும் நீண்டு, அதற்கு மேல் நீள முடியாமல், ஆக்சிலின் பாரத்தைத் தானே பிடித்துக்கொண்டு தொங்கி டமார் என்கிறது. நான் என்ன செய்தேன்? மேல் பிராக்கெட்டை இன்னும் மேலே தூக்கி வைத்தேன். புது சாக்கப்சர் கொடுத்த நீளத்தை என் கையாலேயே பிடுங்கிக்கொண்டேன். சக்கரத்தை ஒட்டி வேறு வைத்திருக்கிறேன், முழு இழுப்பும் அதற்குத்தான். மேலே என் வெல்டிங் விடாது. அது விடாவிட்டால் கீழே தகடு கிழியும். கீழ் பிராக்கெட் பிய்ந்து திரும்பினால் பக்கத்திலேயே பிரேக் குழாய். நான்தான் கிளிப் போட்டுக் கட்டினேன்.

நாளைக்கு அந்த வண்டி அதே வளைவில் இறங்கும். மழையில், ஆட்களோடு. இடது ஓரத்தில் என் தங்கை.

வைரவன் நம்பர் என்னிடம் இல்லை. காதுகுத்து முடிந்த அன்றே அழித்துவிட்டேன். யாழினி மனப்பாடமாகச் சொன்னது. அடித்தேன், அடித்தேன், போகவே இல்லை. வேலுத்தாய்க்கும் போகவில்லை.

விடிந்ததும் ஒத்தக்காலுக்குக் கீழே வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று காஜா ஒத்துக்கொண்டான். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். அமுதா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வந்துவிட்டோம். எல்லாரும் வந்துவிட்டோம். முதலில் அதை எழுதிவிட்டேன்.

காஜா இறக்கிவிட்டுத் திரும்பிப் போன இடத்திலிருந்து சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடியது. ஒத்தக்காலைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலேயே தெரிந்தது. இறங்குகிற வண்டிக்கு வலப்பக்கம் பாறை மேடாகத் துருத்துகிறது. இடப்பக்கம் தண்ணீர் அறுத்த பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, மரங்களின் உச்சி மட்டும் தெரிகிறது. வேலுத்தாய் ஒவ்வொரு வாரமும் இதைத்தான் பார்த்துக்கொண்டு போகிறாள்.

லாரிச் சத்தம் முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. நான் நடுவில் போய் நின்று கையை ஆட்டினேன். கண்ணாடியில் மழை. வண்டி நிற்கவில்லை. முன் சக்கரம் பாறையில் ஏறிவிட்டது.

“மாப்ள!” என்று கத்தினேன். “மாப்ள, நிறுத்து! பின் சக்கரத்தத் தொங்கவிடாத! நிறுத்து மாப்ள!”

வண்டி குலுங்கி நின்றது. பின் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. வைரவன் தலையை வெளியே நீட்டினார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. கத்தலை விட, கூப்பிட்ட முறைதான் அவருக்குக் கேட்டிருக்கிறது.

ஆட்களை இறக்கி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன். மேல் பிராக்கெட்டில் ஒரு கீறல் இல்லை. கீழ் பிராக்கெட் பாதி கிழிந்து திரும்பியிருந்தது. அதன் விளிம்பு பிரேக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தது. மேல் ரப்பர் போய், உள்ளே நூல் தெரிந்தது. இன்னும் ஒரு இழுப்பு தாங்காது. 

இரண்டு சாக்கப்சரையும் கழற்றிவிட்டு மெதுவாக இறக்குவது ஒன்றுதான் வழி. நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றியது. பக்கத்தில் சேறு சளக்கென்றது. வைரவன் மல்லாந்து உள்ளே வந்து மறுபக்கம் ஸ்பேனரை மாட்டினார்.

“பிடிங்க” என்றேன்.

“பிடிச்சிருக்கேன்.”

அவ்வளவுதான் பேசினோம். கழன்றது.

வேலுத்தாய் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்: “கூடிப்போச்சுன்னு தெரியும்ல? தெரிஞ்சும் ஏன் என்னைய ஏத்துனீக?”

வைரவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “மச்சான் சரியாத்தான் இருக்குன்னு சொன்னாகல்ல. அவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

அதற்குப் பதில் என்னை நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

“பெஞ்சுல ஒருத்தரு, பட்டறைல ஒருத்தரு. நடுவுல ஒரு ரோடு. அதத் தாண்ட முடியாம என் உசுரத் தூது விட்டிருக்கீக ரெண்டு பேரும்” என்றாள் வேலுத்தாய். குரலை உயர்த்தவே இல்லை. “இனிமே ஒரு சொல்லு நான் கடத்த மாட்டேன். நீங்களே பேசுங்க, இல்ல ஊமையாப் போங்க.”

பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடக்க ஆரம்பித்தாள். நான் கூப்பிட்டேன், அவர் கூப்பிட்டார், திரும்பவில்லை. ஆட்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால் நடந்தார்கள். அவர்களைப் போகவிட்டுவிட்டு நான் முன்சீட்டில் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தேன், அவள் இடத்தில். வைரவன் கல்லை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே இறக்கினார். வண்டி பாறையில் ஏறிச் சாய்ந்தது. என் பக்கம் மரங்களின் உச்சி கண்ணாடிக்கு நேராக வந்தது. பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. சக்கரம் மெதுவாகத் தரையைத் தொட்டது.

அதற்குப் பிறகு அடிவாரம் வரை சாக்கப்சர் இல்லாத வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. முன்னால் வேலுத்தாய் நடந்துகொண்டே இருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் ஊர்ந்தோம். நடுவில் யாரும் இல்லாததால் எதைச் சொன்னாலும் நேராகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் ரொம்ப தூரம் சும்மாவே வந்தோம்.

பிறகு வைரவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காதுகுத்து அன்னைக்கு ஆசாரி கெளம்புறேன்னு ரெண்டு தடவ எந்திரிச்சாரு மச்சான். கையப் பிடிச்சு உக்கார வச்சேன். ராகு காலம் வரப்போவுதுன்னு எங்கம்மா அழுதப்பெறவுதான் குத்தச் சொன்னேன்.”

எனக்கு அது தெரியாது. யாராவது சொல்ல வந்திருப்பார்கள். நான் கேட்டிருக்க மாட்டேன்.

அக்டோபர் 18, சனி

உடம்பெல்லாம் வலி. வேலுத்தாய் வந்து யாழினியைக் கூட்டிப் போனாள். வாசலில் நின்றே கூப்பிட்டாள், உள்ளே வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசமும் முறுக்கும் யாழினி கையில் வந்தது. “அம்மா ஒண்ணும் சொல்லச் சொல்லல மாமா” என்றது. அதைச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 22, புதன்

ஜாக்கிக்கு ஆயில் சீல் மாற்றினேன். மேல் பிராக்கெட் இரண்டையும் அறுத்தேன். அழகான வெல்டிங், அறுக்க ரொம்ப நேரம் பிடித்தது. கீழே புதுப் பிராக்கெட், பிரேக் குழாய் புதுசு, வேறு வழியாக, சாக்கப்சர் பக்கமே வராமல்.

வைரவன் பெஞ்சுக்குப் போகவில்லை. காலையிலேயே சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார். வேலுத்தாயும் யாழினியும் கூட வந்தார்கள். அவள் வாசலில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்து யாழினிக்குத் தலை பின்னத் தொடங்கினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பின்பக்கத்தைத் தூக்கி இடச் சக்கரத்தைத் தொங்கவிட்டோம். இரண்டு பேரும் அடியில் மல்லாந்து கிடந்தோம். மேல் பிராக்கெட்டை எங்கே பிடிப்பது என்று பார்த்தேன். பட்டறையில் தொங்குவது வேறு, ஒத்தக்காலில் சரக்கோடு தொங்குவது வேறு. என்னையறியாமல் வாய் வந்துவிட்டது: “ஏத்தா வேலு, அவர்ட்ட கேளு, அங்க எம்புட்டுத் தொங்கும்னு.”

வெளியே சீப்பு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.  வைரவன் என் தோளை உரசிக்கொண்டு கிடந்தார், மேலே சேசிஸைப் பார்த்தபடி. 

நான் தலையைத் திருப்பினேன். இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. மீசை நரைத்திருக்கிறது.

“எம்புட்டுத் தொங்கும் மாப்ள?”

அவர் இரண்டு கையையும் மேலே தூக்கி அகட்டிக் காட்டினார். கொஞ்சம் யோசித்து இன்னும் கொஞ்சம் அகட்டினார். “இம்புட்டு மச்சான்.”

“ஆட்டாத. அப்பிடியே வச்சிரு” என்றேன். அவர் கைகளுக்கு நடுவே டேப்பை நீட்டி அளந்தேன். அந்த அளவுக்குத்தான் டாக் வைத்திருக்கிறேன். முழு வெல்டிங் இன்னும் போடவில்லை. முதலில் ஒரு தரம் ஒத்தக்காலுக்குப் போய்த் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். நானும் போகிறேன்.